கயிற்றின் கடைசி ஆள்

தென்துருவத்தில் ஓர் ஆளின் நிழல் ஒரே நாளில் அவரை முழுதாகச் சுற்றி வந்துவிடும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எஸ்தர் ரூபாவதி டீச்சர். அவர் பூகோளம், நான் தமிழ். ஆசிரியர் அறையில் மதிய உணவுக்குப் பிறகு டிபன் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து, நடுவில் ஒரு சாக்பீஸை நிறுத்தி, டார்ச் விளக்கைத் தாழப் பிடித்து மூடியைச் சுற்றி மெல்ல நகர்த்திக் காட்டினார். நான் ஏற்கவில்லை. நிழல் என்றால் காலையில் ஒரு பக்கம் நீளும், உச்சிப்பொழுதில் காலடியில் ஒடுங்கும், மாலையில் மறுபக்கம் சாயும். பாளையங்கோட்டை வெயிலில் அவ்வளவுதான் உண்டு, கண்ணால் காணாததை நான் பாடமாக ஏற்பதில்லை என்று சொல்லி, அவர் கையிலிருந்து டார்ச்சை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். இதோ, கண்ணால் காண்கிறேன். என் வீட்டுக் கூடத்தில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், மின்விசிறி அனலை அள்ளி அனலிலேயே கொட்டிக்கொண்டிருக்க, தொலைக்காட்சிக்குள் எல்லையற்ற வெண்மை. அதன் நடுவே ஒரு கொடிக்கம்பம். அதன் நிழல் நகர்கிறது, நிற்காமல் நகர்கிறது, ஒரு முழு நாளை ஒரு மூச்சுக்குள் அடக்கிக் காட்டுகிறார்கள், சூரியன் அடிவானத்துக்குள் இறங்காமலேயே வட்டமிட, நிழல் கம்பத்தைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. ஆகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "பாத்தியளா டீச்சர்," என்று அடுத்த நாற்காலியிலிருந்து ரூபாவதி டீச்சர் என் முழங்கையில் இடித்தார். "நான் அன்னைக்கே சொன்னேம்லா? நீங்கதான் டார்ச்சைப் பிடுங்கி உள்ள வச்சிய." "பிடுங்கலை. வாங்கி வச்சேன்." "சரி, வாங்கித்தான் வச்சிய. கடிகார முள்ளுக்கு எதிராச் சுத்துது பாருங்க. அதையும் அன்னைக்குச் சொல்ல விடலை." அவர் கொண்டுவந்த நுங்கு கிண்ணத்தில் கிடக்கிறது, தோல் உரித்த நுங்கு, உள்ளே நீர் தளும்ப, வெளிறிய நீலமாக. திரையிலும் அதே நிறத்தில் ஊரளவு பனிப்பாறை ஒன்று மிதந்து போகிறது. ஒரு நுங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பனிப்பாறையைக் கடித்தவள்போல் பல் கூசியது, அந்தக் கூச்சம்கூட இனித்தது.

நிழலைப் பார்க்கவா உட்கார்ந்தேன்? இல்லை, என் மகளைத் தேட உட்கார்ந்தேன். மொழியரசி. அவளுக்கு நான் வைத்த பெயர் அது. அவளோ மொழிப்பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இயந்திரப் பொறியியல் படித்து, தென்துருவப் பனியில் இருக்கும் நம் நாட்டு ஆய்வு நிலையத்தில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், ஒரு குளிர்காலம் முழுவதும் சூரியன் எழாத அந்த இருட்டில் தங்கிவிட்டு, இப்போது கோவாவில் அலுவலக விடுதியில் இருக்கிறாள். அந்தக் குளிர்காலத்தைத்தான் ஆவணப்படமாக எடுத்து, தமிழில் பேசவைத்து, இன்று ஒளிபரப்புகிறார்கள். போன வாரம் தொலைபேசியில் நான் என் வழக்கமான பேச்சைத் தொடங்கினேன்: திருநெல்வேலியில் கல்லூரி வேலை காத்திருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, முன்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள், போதாதா? அவள் சிரித்தாள். "அம்மா, நீ முதுகைப் பாத்தே பேரைச் சொல்லிருவேன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. அந்தப் படத்துல நான் மூணு இடத்துல வாரேன். எல்லாருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு, கண்ணாடி, முகமூடி. எது நான்னு சொல்லு. சொல்லிட்டியா, காலேஜ் வேலைல சேந்துருதேன். சொல்லலையா, ரெண்டாவது குளிர்காலத்துக்குப் பேரு குடுப்பேன். நீ முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது." "எத்தனை தடவை சொல்லலாம்?" என்று கேட்டேன். "ஒரே தடவை. அடித்தல் திருத்தல் கிடையாது. உன் பரீட்சை விதிதான்." நாளை காலை அவள் அலுவலகத்தில் முடிவைச் சொல்லியாக வேண்டும். இன்று, இந்தப் படம் முடிவதற்குள், என் ஒரே மகள் தாமிரபரணிக் கரைக்குத் திரும்புவாளா, சூரியனே இல்லாத இடத்துக்குத் திரும்புவாளா என்பதை என் கண் தீர்மானிக்கும். என் கண்ணை நான் நம்புகிறேன். இருபத்தைந்து ஆண்டு அது பொய் சொன்னதில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, திரும்பாமல், கடைசி வரிசையில் யார் பேசுகிறாள் என்று சொன்னவள் நான். காலை வழிபாட்டில் பின்னால் நின்று, சடை கட்டிய விதத்தையும் தோள்பட்டை சாய்வையும் வைத்து, வரிசை முழுவதையும் பெயர்சொல்லி அழைத்தவள் நான். பெற்றவளுக்கா தன் பிள்ளையின் முதுகு தெரியாமல் போகும்?

கப்பல் வந்து நிற்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கடல் இருக்க வேண்டிய இடத்தில் உறைந்த தரை. அந்தத் தரையின் மேலேயே பெட்டிகளை இறக்குகிறார்கள், ஓராண்டு அரிசி, ஓராண்டு மருந்து, ஓராண்டு எண்ணெய், ஒன்றை மறந்தாலும் அடுத்த கப்பல் அடுத்த கோடையில்தான் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. அடேயப்பா. உப்பை மறந்துவிட்டு வந்தால்? ஓராண்டு உப்பில்லாமல்? யார் அந்தப் பட்டியலைப் போட்டிருப்பார், எத்தனை முறை சரிபார்த்திருப்பார், அவரை நான் பார்க்க வேண்டும், கைகுலுக்க வேண்டும். இசை எதையும் போட்டுக் காதைக் குடையவில்லை என்பதையும் கவனிக்கிறேன். காற்று, காலடியில் பனி நொறுங்கும் ஓசை, பெட்டி தரையில் இறங்கும் ஓசை, அவ்வளவுதான். படம் எடுத்தவர் யாரோ அடக்கம் தெரிந்தவர். பின்னணிக் குரல்தான் சில இடங்களில் தேவையில்லாமல் நடுங்குகிறது, குளிர் அதற்குத்தான் என்பதுபோல். சிவப்புக் கோட்டுகள் சங்கிலியாக நின்று பெட்டிகளைக் கைமாற்றுகின்றன. ஒவ்வொரு முதுகாகப் பார்க்கிறேன். இது ஆண், இது ஆண், இது பருத்த ஆள், இது யாரோ கால் வலிக்காரர், இதோ கடைசியில் ஒன்று, முதுகைக் கூனிக்கொண்டு, தலையைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு, ஆமைபோல். "நிமிர்ந்து நில்!" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். ரூபாவதி டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க இல்லை டீச்சர், அந்தக் கடைசி ஆள்." "எனக்கு இன்னும் அந்தக் குரலுக்குப் பயந்தான்," என்று அவர் சிரித்தார். மொழியரசி இப்படி நிற்கமாட்டாள். முதுகில் மரஸ்கேலை வைத்து நிற்கப் பழக்கியிருக்கிறேன் அவளை. மழையில் நனைந்து வந்தாலும் கம்பம்போல்தான் வருவாள். கடைசி ஆளை நீக்கிவிட்டேன். இனி மிச்சமிருப்பவர்களில் தேடினால் போதும்.

வண்டி. சங்கிலிப் பட்டைகளில் ஊரும் பெரிய வண்டி, நம் பொக்லைனைப்போல், பனியில் புதைந்து நிற்கிறது. அதன் அடியில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார், வெளியே தெரிவது பூட்சும் ஒரு கையும் மட்டும். குளிரில் இரும்பைத் தோலால் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். தடித்த கையுறையோடு ஒரு சின்ன நட்டைத் திருக வேண்டும், விரல் உணர்வதற்குள் அது நழுவும், நழுவினால் பனிக்குள் போய்விடும், போனால் மாற்று நட்டுக்கு அடுத்த கப்பல். அந்தக் கை நழுவவிடவில்லை. எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு சிக்கனமாக! பக்கத்தில் அந்தக் கூன் முதுகு மறுபடி வந்து நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறது, கையாள். அதை நான் பார்க்கவில்லை, நான் பார்ப்பது அடியில் கிடக்கும் கையை. இடது கை. இடது கையால் திருகுகிறது! மொழியரசி இடக்கைக்காரி. முதல் வகுப்பில் அவள் கையைக் கட்டிப்போடச் சொன்னவர்களிடம், எழுத்து நேராக நின்றால் எந்தக் கையில் பிறந்தால் என்ன என்று சண்டைக்குப் போனவள் நான். அந்தக் கை அது. ஏழாம் வகுப்பிலேயே வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு, பல்சக்கரங்களைச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கிய கை. செல்பேசியை எடுத்தேன். "டீச்சர், அவசரப்படாதிய, படம் முடியட்டும்," என்றார் ரூபாவதி டீச்சர். "விடை தெரிஞ்ச பிள்ளை எதுக்குக் காத்திருக்கணும்?" "கேள்வியை முழுசாப் படிக்கச் சொல்லி அடிப்பியளே நீங்க, அதுக்குச் சொன்னேன்." நான் கேட்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "மொழி, வண்டிக்கு அடியில் படுத்திருப்பது நீ. இடது கை. அம்மாவிடமா மறைக்கிறாய்? கல்லூரிக்குப் புறப்படு." அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, கேட்டுவிட்டாள். வென்றேன், வென்றேன். திருநெல்வேலி ஜங்ஷனில் அவள் இறங்குவதும், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதும், மொட்டைமாடியில் அவள் துணிகள் காய்வதும் கண்முன் வர, திரையில் அந்த ஆள் வண்டிக்கு அடியிலிருந்து புரண்டு வெளியே வந்து, எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, முகமூடியை இறக்கினார். தாடி. மார்புவரை இறங்கும் தாடி. அதில் பனி சரம் சரமாக, குத்துவிளக்கில் உறைந்த எண்ணெய்போல். 'வாகனப் பொறுப்பாளர் குர்மேஜ் சிங்' என்று எழுத்து ஓடியது.

ரூபாவதி டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "டீச்சர், பிள்ளைக்குத் தாடி உங்க வீட்டுக்காரர் பக்கமா, உங்க பக்கமா?" காது சுட்டது. ஒரு விடை, ஒரே ஒரு விடை, அதைக் கேள்வியை முழுதாகப் படிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். செல்பேசி அதிர்ந்தது, அவளுடைய குரல்செய்தி. வெறும் சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரித்து, முடிவில், என் குரலையே போலிசெய்து, "விடை ஏற்கப்பட்டது. அடித்தல் திருத்தல் கிடையாது." என் விதி. என் வாயால், எத்தனை எத்தனை பிள்ளைகள் அழ அழ நான் சொன்ன விதி. மணி அடித்தபின் ஒரு புள்ளி வைக்க அனுமதித்ததில்லை. இப்போது எனக்காக அதை நெளிக்க முடியுமா? முடியாது. ஆக, அவள் போகிறாள். மறுபடி அந்த இருட்டுக்கு. தொலைக்காட்சியை அணைத்துவிடலாமா என்று தொலையியக்கியைத் தேடின என் விரல்கள். தேடிக்கொண்டே இருந்தன, அணைக்கவில்லை, ஏனென்றால் திரையில் ஒருவர் சட்டியில் கொதிக்கும் நீரை வானத்தை நோக்கி வீசினார், அது கீழே விழவேயில்லை. வீசிய வேகத்திலேயே புகையாக, பொடியாக, வெண்மயில் தோகையாக விரிந்து கரைந்துபோயிற்று. தோற்றவளுக்குக் கண் இல்லாமல் போய்விடுமா? மறுபடியும் ஆகா என்றேன்.

விதிகளில் விட்டுக்கொடுக்காதவள் என்பதற்கு மொழியரசியே சாட்சி. ஏழாம் வகுப்பில் என் வகுப்பில்தான் படித்தாள். வருகைப் பதிவுக்கு மற்ற வகுப்புகளில் 'உள்ளேன் ஐயா', 'உள்ளேன் அம்மா', 'பிரசன்ட் மிஸ்' என்று ஆளுக்கொன்றாகக் கத்துவார்கள். என் வகுப்பில் ஒரே சொல். உள்ளேன். வால் வேண்டாம், எழுந்து நின்று, வாயைத் திறந்து, முழுக் குரலில். மரியாதைக் குறைவு என்று தலைமையாசிரியை சொன்னார். மரியாதை குரலில் இருக்கிறது, ஒட்டில் இல்லை என்றேன். அன்று காலை, கடிகாரத்தைப் பிரித்ததற்காக நான் வீட்டில் திட்டியிருந்தேன். வகுப்பில் அவள் பெயரை அழைத்தேன். முதல் பெஞ்சில், என் நேர் எதிரில், கம்பம்போல் உட்கார்ந்திருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. மறுபடி அழைத்தேன். மூக்கு விடைக்கிறது, உதடு திறக்கவில்லை. இன்னொரு முறை. பின்னாலிருந்து பிள்ளைகள், "டீச்சர், இங்கதான இருக்கா!" குரல் வரவில்லை, ஆள் வரவில்லை என்று சொல்லி, அவளைப் பார்த்துக்கொண்டே அவள் பெயருக்கு நேரே வராதவள் என்று குறித்தேன். ஆண்டு இறுதியில் ஒருநாளும் தவறாமல் வந்தவர்களுக்குக் கொடுக்கும் எவர்சில்வர் தூக்குவாளி வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. வராதவள் என்று குறித்த அன்று மாலையே வீட்டு வாசற்படியில் நின்று அவள் சொன்னாள், இப்போதும் காதில் இருக்கிறது: "உனக்கு ஒரு உள்ளேன் பாக்கி வச்சிருக்கேன். தரவே மாட்டேன்." மறுநாளே தலைமையாசிரியை அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார், ஆகவே தரவேண்டிய தேவையும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. வளர்ந்தபின் அது எங்களுக்குள் வேடிக்கை. சமையலறையிலிருந்து "மொழி, இருக்கியா?" என்று கூப்பிட்டால், "ம்," என்பாள், "இருக்கேன்," என்பாள், தட்டைத் தட்டுவாள், அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லமாட்டாள். வேடிக்கைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் காது அதற்காக ஒரு கணம் காத்திருந்தது. நான் செய்தது சரி. இன்றும் சரி என்றே சொல்வேன். பதில் சொல்லாதவளை வந்தவளாகக் குறித்தால் அந்தப் பதிவுக்கு என்ன பொருள்?

சூரியன் போய்விட்டது. ஒரு நாள் விளிம்பில் சிவப்பாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, மறுநாள் வரவில்லை, இனி வாரக்கணக்கில் வராது. குளிர்காலக் காட்சிகளை அங்கே தங்கியிருந்தவர்களே எடுத்தார்களாம். படம் கொஞ்சம் ஆடுகிறது, ஆடினால் என்ன, மனிதர் கை அல்லவா. பனியை மண்வெட்டியால் வெட்டித் தொட்டியில் போட்டு, உருக்கி, அதுதான் குடிநீர், அதுதான் குளியல். முறை வைத்து வெட்டுகிறார்கள், மருத்துவருக்கும் முறை உண்டு. ஒருவர் தலைமுடியை இன்னொருவர் வெட்டுகிறார். கண்ணாடியில் பார்த்தவர் முகம் சுருங்க, எல்லாரும் சிரிக்கிறார்கள். விளக்கின் கீழே ஒரு தட்டில் கொத்தமல்லி முளைத்திருக்கிறது. அதைச் சுற்றி நின்று, கிள்ளாமல், முகர்ந்து மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. இவ்வளவுக்கும் அடியில், நிலையத்துக்குள் எந்நேரமும், ஒரு தாழ்ந்த உறுமல். முதலில் நான் அதைத் தொலைக்காட்சியின் கோளாறு என்று நினைத்தேன். ஜெனரேட்டர். அந்த நேரம் பார்த்து எங்கள் மின்விசிறி தயங்கியது, சுருதி இறங்கியது, திரை ஒருமுறை சிமிட்டியது, ஐயோ போகாதே, போகாதே, இப்போது போகாதே என்று நான் பாதி எழுந்துவிட்டேன். போகவில்லை. ஆனால் உட்கார்ந்தபோது முதுகு சில்லிட்டிருந்தது, மே மாதத்தில். இங்கே மின்சாரம் போனால் விசிறியைத் தேடுவோம், வாரியத்தைத் திட்டுவோம். அங்கே அந்த உறுமல் நின்றால்? வெளிச்சம் மட்டுமா போகும், வெப்பம் போகும், நீர் போகும், கொத்தமல்லி போகும், அத்தனை பேரும் போவார்கள். அந்த உறுமலை நிற்காமல் காப்பவள் என் மகள். இத்தனை நாளும், 'ஏதோ மிஷின் வேலை' என்று கேட்பவர்களிடம் சொல்லிவந்தேனே. கரும்பலகை, கரும்பலகை என்று அவளிடம் சொன்னேனே. ரூபாவதி டீச்சரிடம் திரும்பி, "இந்தச் சத்தம் கேக்குதா? இது மொழி," என்றேன். "அதான் நானும் நினைச்சேன்," என்றார் அவர், கேலியில்லாமல்.

பிறகு புயல் வந்தது. பின்னணிக் குரல் மாதத்தைச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஜூலைதான், அவளிடமிருந்து அழைப்பே வராமல் போன ஜூலை. செயற்கைக்கோள் தொடர்பு இல்லை, கவலைப்பட வேண்டாம் என்று அலுவலகம் சொல்ல, நான் கவலைப்படாமல் இருப்பதற்காக, தேய்த்த பித்தளைப் பாத்திரங்களையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்த ஜூலை. அப்போது அங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்லவேயில்லை. இப்போது திரை சொல்கிறது. நிலையத்துக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. புயலில் தன் கையைத் தான் பார்க்க முடியாது. கயிற்றைப் பிடித்தபடிதான் போக வேண்டும், வர வேண்டும். ஒருநாள் எல்லாரும் கொட்டகை வாசலில் அடைந்த பனியை அள்ளிவிட்டுத் திரும்பினார்கள். கதவை மூடும்முன் தலையை எண்ணினார்கள். கணக்குச் சரியாக இருந்தது. கோட்டும் முகமூடியுமாக முண்டியடித்து உள்ளே வந்ததில் ஒரு தலையை இருமுறை எண்ணிவிட்டார்கள் என்பது, தேநீர் ஊற்றும்போது ஒரு குவளை மிஞ்சியபிறகுதான் தெரிந்தது. சமையல்காரர் தபன் இல்லை. "அவர் உள்ள வந்ததை நான் பாத்தேன்," என்று ஒருவர். "எனக்குத் தலையாட்டினார்," என்று இன்னொருவர். யாருக்கோ தலையாட்டிய யாரோ. என் கை ரூபாவதி டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. கயிற்றோடு போனவர்கள் நடுவழியில் அவரைக் கண்டார்கள், கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திசை குழம்பியவர், கயிற்றை மட்டும் விடவில்லை. கை இருந்தது, கால் இருந்தது, ஆள் பிழைத்தார். தபனே திரையில் வந்து சொல்கிறார், மூக்கு நுனியில் கறுத்த தழும்போடு, வங்காளத்தில். தமிழ்க் குரல் அதன்மேல் ஏறுகிறது: அன்றிலிருந்து எங்கள் ஜெனரேட்டர்காரி ஒரு சட்டம் போட்டாள். தலையை எண்ணக்கூடாது. தலையாட்டினால் செல்லாது. கண்முன் நின்றாலும் செல்லாது. குரல் வரவில்லை என்றால் ஆள் வரவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். இருட்டில், தலைவிளக்குகளின் வெளிச்சத்தில், பனி கிடைமட்டமாகப் பாய, சிவப்புக் கோட்டுகள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து வரிசையாக நிற்கின்றன. யார் யாரென்று அடையாளமே இல்லை. கயிற்றின் கடைசியில், எல்லாருக்கும் பின்னால், எல்லாரும் உள்ளே போனபின் கடைசியாக உள்ளே போக வேண்டிய இடத்தில், ஒன்று நிற்கிறது. முதுகைக் கூனி, தலையைத் தோளுக்குள் புதைத்து. கப்பலடியில் நான் அதட்டிய முதுகு. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த முதுகு. அந்தக் காற்றில் எல்லா முதுகும் அப்படித்தான் வளைந்திருக்கின்றன என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நிமிர்ந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும் காற்று. அந்த முதுகிலிருந்து குரல் எழுந்தது. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக, வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி எறிகிற குரல். அது யாரிடம் கற்ற குரல் என்று எனக்குத் தெரியாதா? "குர்மேஜ் சிங்!" அந்தத் தாடி, அந்த என் தாடி, முகமூடிக்குள்ளிருந்து முழக்கியது: "உல்லேன்!" ரூபாவதி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. "ஜேக்கப்!" "உள்ளேன்!" சுத்தமாக, கோட்டயத்து ளகரத்தோடு. "தபன் மண்டல்!" "உள்ளேன்!" எல்லாரையும்விட உரக்க, உயிர் பிழைத்தவரின் குரலில். மராத்தியரும் காஷ்மீரத்தவரும், தமிழில் வேறொரு சொல்லும் அறியாதவர்கள், உலகத்தின் அடியில், இருட்டில், புயலுக்குள், வாயைத் திறந்து, முழுக் குரலில், வால் இல்லாமல், ஒரே சொல். என் சொல். ஏழாம் வகுப்பு 'அ' பிரிவின் சொல். ஏன் இந்தச் சொல் என்று படம் எடுத்தவர் கேட்டிருக்கிறார். காற்றில் இதுதான் தூரம் போகிறது, ஊரில் ஒரு டீச்சர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார் என்று அவள் சொன்னதாகப் பின்னணிக் குரல் சொன்னது. எல்லாப் பெயரும் முடிந்தது. ஒரு கணம் காற்று மட்டும். அழைப்பவளும் பதிவாக வேண்டும் அல்லவா, அதுவும் சட்டம். கூன் முதுகு தன் பெயரைத் தானே அழைத்தது: "மொழியரசி!" என் காது, எத்தனையோ ஆண்டு சமையலறையில் காத்திருந்த அந்தக் காது, நீண்டது. "உள்ளேன்!"

படம் முடியும்போது சூரியன் திரும்பி வந்தது, அடிவானத்தில் ஒரு கீற்று, எல்லாரும் வெளியே ஓடி வந்து அதற்குக் கையசைத்தார்கள். ரூபாவதி டீச்சர் கிண்ணத்தைக் கழுவச் சமையலறைக்குப் போனார். மூக்கை உறிஞ்சும் ஓசை குழாய்நீர் ஓசையை மீறிக் கேட்டது. செல்பேசி அடித்தது. "ஹலோ, குர்மேஜ் சிங்கோட அம்மாவா?" "ஆமா. என் மகன் தாடியைக் கொஞ்சம் ஒழுங்கா வெட்டிவிடச் சொல்லு. இடக்கை மட்டும் நல்லா இருக்கு." அவள் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். "அப்போ நாளைக்குப் பேரு குடுத்துரவாம்மா?" "கொடு. விடை தப்பு." "விதிக்காகவா சொல்லுத?" "விதிக்காகவும்தான். அந்த ஜெனரேட்டரை வேற யாரை நம்பி விட்டுட்டு வருவ?" இதை அவள் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். "முதுகை மட்டும்..." என்று பழக்கத்தில் தொடங்கினேன். "நிமிந்தா காத்து தூக்கிட்டுப் போயிரும்மா." "தெரியும். பாத்தேன். குனிஞ்சே நில்லு." "அம்மா, நீயா பேசுத?" "நான்தான். மூணு இடத்திலயும் கடைசி ஆளா எதுக்கு நிக்கிற?" "கடைசியா உள்ள போறவதான கதவை மூடணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏழாம் வகுப்புப் பிள்ளைபோல், "கடைசில கேட்டியா?" என்றாள். "கேட்டேன்." "முழுசா விழுந்துச்சா, காத்துல பாதி போயிட்டா?" "முழுசா விழுந்தது." "அப்போ பாக்கி இல்லையே?" "இல்லை." "வட்டி?" "நான் வட்டி வாங்குறவ இல்லை. போயிட்டு வா." செல்பேசியை வைத்தேன். ரூபாவதி டீச்சர் ஈரக்கையோடு வாசற்காலில் நின்றிருந்தார். "என்ன டீச்சர், பாக்கி, வட்டிங்கிய? பிள்ளை உங்களுக்குத் தரவேண்டியது எதுவும் இருந்துச்சா?" "இருந்தது. இன்னைக்குத் தந்துட்டா." "எவ்வளவு?" எதையும் தோராயமாகச் சொல்வது என் வழக்கமில்லை, நிமிர்ந்து நின்று, வாயைத் திறந்து, முழுக் குரலில் சொன்னேன்: ஒரே ஒரு 'உள்ளேன்'.